இரண்டு லிட்டர் பையும் பாவாடை நாடாவும்: கோத்தகிரியில் பதினான்கு மாத வயிற்று டயாலிசிஸ்

சிறுநீரகம் கெட்டுப்போய், வயிற்று டயாலிசிஸ் செய்யலாமா, மெஷின் டயாலிசிஸுக்குப் போகலாமா என்று குழம்பி நிற்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் குழம்பி நின்ற நாட்களில் பையைப் பற்றியும் செலவைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் நிறையப் படித்தேன். மாதவிடாய் நாளில் வயிற்றில் வைக்கிற இந்தக் குழாயோடு என்ன செய்வது என்று ஒரு வரி என் கண்ணில் படவில்லை. சேலை கட்ட முடியுமா என்பதற்குக்கூடப் பதில் கிடைக்கவில்லை. இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை வீதம் ஆயிரத்து இருநூறு தடவைக்கு மேல் பை மாற்றியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு 38 வயது. கோத்தகிரிக்குக் கீழே அரவேனு பக்கம் வீடு. தையல் தொழில், பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் ஏறிய ரத்த அழுத்தம் அப்புறம் இறங்கவே இல்லை. சிறுநீரில் புரதம் போவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். ரத்தத்தில் கழிவு தேங்குவதைக் காட்டுகிற கிரியாட்டினின் 9 என்று வந்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மெஷின் டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். எங்களுக்குச் சொன்ன இடம் கோவையில் இருந்தது. மேட்டுப்பாளையம் வரைக்கும் மலைப்பாதை, அப்புறம் சமவெளி. எனக்கு நல்ல உடம்போடு போகும்போதே குஞ்சப்பனை வளைவுகளில் குமட்டும். டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோன உடம்போடு அதே வளைவுகளில் ஏறி வர வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அப்படிப் போனால் தையல் மெஷினில் உட்கார நாள் ஏது? வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும் ஒத்துக்கொண்டேன். அந்த முடிவை இன்றைக்கும் நான் சரியென்றே நினைக்கிறேன்.

செய்கிற வேலை இதுதான். குடலைச் சுற்றி வயிற்றுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. குழாய் வழியாக இரண்டு லிட்டர் சர்க்கரைக் கரைசலை உள்ளே விட்டால், சில மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கிற கழிவும் அதிகப்படியான நீரும் அந்தச் சவ்வைத் தாண்டி கரைசலுக்குள் வந்துவிடும். அதை வடித்துவிட்டுப் புதியதை ஏற்றிக்கொள்ள வேண்டும். வடிய இருபது நிமிடம், ஏற பத்து நிமிடம். எனக்குக் காலை ஐந்தரை, மதியம் ஒன்றரை, இரவு ஒன்பதரை.

முதலில் பை. ஒரே குழாயில் இரண்டு பை கோத்து வருகிறது. ஒன்றில் புது நீர், இன்னொன்று வடிய விடுவதற்குக் காலியாக இருக்கும். நம் வயிற்றுக் குழாயோடு இணைக்கிற இடம் ஒன்றே ஒன்று. அந்த ஓர் இடத்தைத் தொடாமல் இணைத்துவிட்டால் கிருமி நுழைய வழி குறைவு. முடிந்ததும் அயோடின் தோய்ந்த ஒரு சின்ன மூடியைத் திருகிவிட வேண்டும். எனக்கு வருகிற பைகளில் மஞ்சள் வளையம் 1.5 சதவீதச் சர்க்கரை, பச்சை 2.5, சிவப்பு 4.25. எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியாரே நிறத்தைப் பார்த்துச் சரியான பையை எடுத்துத் தருகிறார். மேலுறை மட்டும் ரொம்ப அழுத்தம். நான் கத்தரியோடு வாழ்கிறவள். ஆனால் இந்தப் பை பக்கத்தில் கத்தரியைக் கொண்டுபோகக் கூடாது. கையால்தான் கிழிக்க வேண்டும். ஊசி பிடிக்கிற விரல்கள் தினமும் மூன்று தடவை நோகின்றன.

மலையில் இருக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் குளிர். பை உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். மார்கழி, தை மாதங்களில் விடிகாலையில் எங்கள் வீட்டு அறையில் பையைத் தொட்டால் ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டு உடம்பே நடுங்குகிறது. வெந்நீரில் போட்டுச் சூடாக்கக் கூடாது, ஈரத்தோடு கிருமி வரும். உலர்ந்த சூடுதான் வேண்டும். ஒத்தடம் கொடுக்கிற மின்சாரப் பட்டை ஒன்று வாங்கி, அதன்மேல் பையை வைத்துப் பழைய கம்பளியால் மூடிவிடுகிறேன். இதையும் ஒரு தடவை சிஸ்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன். கரண்ட் போகும் நாளில் பையை நைட்டிக்கு மேல் அணைத்துக்கொண்டு ஸ்வெட்டரை மூடிப் படுத்துக்கொள்வேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபேனை நிறுத்துங்கள் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஃபேனே கிடையாது. சுவரில் பூக்கிற பூஞ்சணத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அட்டைப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு அடுக்குகிறோம்.

அந்தப் பெட்டிகள் வந்துசேர்கிற கதையையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு 90 பை, 180 லிட்டர். சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 47 படி இறங்க வேண்டும். வயிற்றில் குழாய் உள்ளவள் கனம் தூக்கக் கூடாது, குடல் இறங்கிவிடும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், விறகுக் கட்டு எதையும் தொடக் கூடாது. முதல் மூன்று மாதம் காசு கொடுத்து வாங்கியபோது, கொண்டுவந்த ஏஜென்சிக்காரர்கள் பெட்டிகளைச் சாலையோரத்திலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் டிரைவர். வண்டியோடு வெளியே போயிருப்பார். மழை தூறிக்கொண்டிருக்க, நான் பெட்டிகளுக்குக் காவல் நிற்க, பக்கத்து வீட்டுப் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தூக்கினார்கள். வீட்டுக்கே வரும் சேவை என்றால் எந்த வாசல் வரைக்கும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு இந்தப் பைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். எனக்குக் கொண்டுவருகிற பெண் பக்கத்து ஊர்க்காரர். பை தருவதோடு பிரஷரும் பார்ப்பார், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார், பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பார். அந்தக் கேள்வியை அவராகக் கேட்ட அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஒன்று மட்டும்: ஐப்பசி, கார்த்திகையில் கையிருப்பாகப் பதினைந்து நாள் பை வைத்திருங்கள். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பயிற்சி. எனக்கு மனக்குறை இங்கேதான். எந்த ஆஸ்பத்திரி என்பதை எழுதப்போவதில்லை. கை கழுவும் முறை, மாஸ்க், இணைப்பு, கணக்கு எழுதுவது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். அதில் குறையே இல்லை. ஆனால் சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஓர் ஆண் உடம்பு. கொடுத்த சின்னப் புத்தகத்திலும் ஆண் உடம்பு. ஐந்து நாள் பயிற்சியில் கர்ப்பப்பை என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. என்னோடு பயிற்சியில் இருந்த நால்வரில் மூன்று பேர் பெண்கள்.

குழாய் வெளியே வருகிற இடத்தைக் குறித்ததிலிருந்தே அது ஆரம்பித்தது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள், ஆஸ்பத்திரி கவுனோடு என்னைப் படுக்கவைத்துப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்கள். நான் எழுந்து உட்காரவும் இல்லை, பாவாடை கட்டிக் காட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து புண் ஆறியதும் சேலை கட்டினேன். நாடா முடிச்சு சரியாக அந்த ஓட்டைமேல் உட்கார்ந்தது. இரண்டே நாளில் சிவந்து நீர் கசிந்தது. அடுத்த தடவை போனபோது மூத்த சிஸ்டர் ஒருவர் பார்த்துவிட்டு, நிற்கவைத்து, உட்காரவைத்து, தினமும் போடுகிற துணியைக் கட்டவைத்து, அது அழுத்தாத இடமாகப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும் என்றார். தொப்பை மடிப்பிலும் வரக் கூடாதாம். ஒரு பிளவுஸ் தைக்கவே நான் வாடிக்கையாளரைக் கையைத் தூக்கச் சொல்லி, மூச்சை விடச் சொல்லி அளவெடுக்கிறேன். ஆபரேஷனுக்குப் போகிற பெண்களே, உங்கள் பாவாடையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். குறிக்கும் முன் கட்டிக் காட்டுங்கள்.

குழாயைப் பற்றி நல்லதாக ஒன்று. சிலிகான் குழாய், 1968இல் டென்காஃப் என்ற டாக்டர் கொண்டுவந்த மாதிரி. அதில் இரண்டு இடத்தில் டெக்ரான் துணி வளையம் சுற்றியிருக்கிறது. டெக்ரான் என்றால் பாலியஸ்டர்தான். உள்ளே போனதும் நம் சதை அந்தத் துணியின் இழைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளுமாம். குழாய் நகராமலும் கிருமி உள்ளே போகாமலும் அது காக்குமாம். பத்தொன்பது வயதிலிருந்து பாலியஸ்டர் தைக்கிறேன். என் வயிற்றுக்குள்ளேயே ஒரு துணித் துண்டு வேர் பிடித்திருக்கிறது என்று கேட்டபோது எனக்கிருந்த பயம் பாதி போய்விட்டது.

இனி அந்த நாளைப் பற்றி. சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வந்த காலத்தில் எனக்கு ஐந்து மாதம் மாதவிடாய் நின்றிருந்தது. இனி வராது என்றே நினைத்துவிட்டேன். டயாலிசிஸ் தொடங்கி மூன்றாவது மாதம், காலை ஐந்தரைக்கு வடிய விட்டேன். எப்போதும் இளமஞ்சளாக வரும் நீர், சாயம் போகிற சிவப்புத் துணியை அலசின தண்ணீர் மாதிரி வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பையைக் கட்டி எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரரோடு முதல் பஸ்ஸில் கோவைக்கு. வழியிலேயே அடிவயிறு வலிக்க ஆரம்பித்தது. குடல் கிழிந்துவிட்டது, செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அங்கே இருந்த டாக்டர் காய்ச்சல் கேட்டார், வாந்தி கேட்டார், குழாயை யாராவது இழுத்தார்களா என்று கேட்டார். நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மருந்து ஏற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வார்டிலிருந்து வந்த அதே மூத்த சிஸ்டர் பையைத் தூக்கிப் பார்த்தார். “ஏம்மா, கடைசியா எப்போ தலைக்கு ஊத்தின?” என்று கேட்டார். ஐந்து மாதமாகிறது சிஸ்டர் என்றேன். பாத்ரூம் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். போய்ப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல் நாள்.

அப்புறம் அவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். ஆணுக்கு அந்த வயிற்றறை எல்லாப் பக்கமும் மூடிய பை. பெண்ணுக்கு அப்படியில்லை. கருக்குழாய் இரண்டின் நுனியும் அந்த அறைக்குள் திறந்தே இருக்கின்றன. இரண்டு மூலையில் தையல் விட்ட பை என்று நான் புரிந்துகொண்டேன். மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் பின்னோக்கி அந்த வழியாக வயிற்றுக்குள் வருவது எல்லாப் பெண்களுக்கும் நடக்கக்கூடியதுதான். மற்றவர்களுக்குத் தெரியாது, நமக்குப் பை காட்டிக்கொடுத்துவிடுகிறது. சில பேருக்கு நடு மாதத்தில் கருமுட்டை வெடிக்கும்போதும் ஓரிரு நாள் ரோஸ் நிறமாக வரும். டயாலிசிஸில் உடம்பு கொஞ்சம் தேறினால் நின்ற மாதவிடாய் திரும்பி வரலாம் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பரிசோதனை முடிவில் தொற்று இல்லை. ரத்தம் உறைந்து குழாயை அடைக்காமல் இருக்க ஹெப்பாரின் கலந்து ஏற்றினார்கள். மறுநாளே நீர் தெளிந்துவிட்டது.

முதல் தடவை அப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பயிற்சியில் ஒரு வரி சொல்லியிருந்தால் நான் போன் செய்துவிட்டு நிதானமாகப் போயிருப்பேன். சாகப்போகிறேன் என்று பிள்ளைகளிடம் கண்ணாலேயே விடைபெற்றுக்கொண்டு போன அந்த மூன்று மணி நேரம் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

எது ரத்தம், எது தொற்று என்று பார்க்க அந்த சிஸ்டர் சொல்லித் தந்த வழி: வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்து எழுத்தைப் படித்துப் பார்ப்பது. நான் இன்ச் டேப்பை வைத்துப் பார்க்கிறேன். நிறம் ரோஸாக இருந்தாலும் அடியில் எண்கள் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் மாதவிடாய். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி எண் தெரியாமல் போனாலோ, வயிற்று வலியோ காய்ச்சலோ இருந்தாலோ, ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்ப வேண்டும். சவ்வில் தொற்று வந்தால் நேரம் கடத்த முடியாது. அடர்த்தியாக ரத்தம் வந்தாலும் அதற்குள் கலங்கல் மறைந்திருக்கலாம். அப்போதும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு இப்போது மாதவிடாய் வலி எது, மற்ற வலி எது என்று பழகிவிட்டது. சூடான பை ஏறும்போது அந்த இழுப்பு வலிக்கு இதமாகக்கூட இருக்கிறது.

திரும்பி வந்த மாதவிடாய் அளவோடு வரவில்லை. ஒன்பது நாள், பத்து நாள் என்று போனது. ஹீமோகுளோபின் 10லிருந்து 7.4க்கு இறங்கியது. ரத்தம் ஊற வாரம்தோறும் போடுகிற ஊசி மருந்து இந்தப் பக்கம் ஏற, அந்தப் பக்கம் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. இதை நான் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கிட்னி டாக்டரிடம் பெண் சமாச்சாரம் பேசுவதா என்ற கூச்சம்தான். ஊசியின் அளவை அவர் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் சொன்னபோது, முதல் நாளே சொல்லியிருக்கலாமே அம்மா என்றார். சொல்லியிருக்க வேண்டும், உண்மைதான். அவரும் கேட்டிருக்கலாம். டயாலிசிஸ் கணக்குப் புத்தகத்தில் ஏறிய நீர், வடிந்த நீர், எடை, பிரஷர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. மாதவிடாய் தேதிக்குக் கட்டம் இல்லை. நான் ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன்.

பெண்கள் டாக்டரிடம் போனேன். கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்தார். எனக்குள் ஏதோ உறுத்த, டயாலிசிஸ் சிஸ்டருக்குப் போன் போட்டேன். நல்ல வேளை. அப்படிக் கருவி உள்ளே போகும் எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் வயிற்றில் இருக்கும் நீரை முழுக்க வடித்துவிட வேண்டும், ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்க வேண்டும். அந்தத் திறந்த நுனிகள் வழியாகக் கிருமி மேலே ஏறிவிடும். இரண்டு டாக்டர்களையும் போனில் பேசவைத்தேன். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களில் பூஞ்சைத் தொற்று வராமல் இருக்க மருந்து வேண்டுமா என்றும் கேட்டுக்கொண்டேன். சதையில் கெட்டது எதுவும் இல்லை. மாத்திரையில் இப்போது ஐந்து நாளில் நிற்கிறது. ஹீமோகுளோபின் 10.2.

கருத்தடையும் இதே மாதிரிதான். மாதவிடாய் தாறுமாறாக வந்தாலும் கரு உருவாகாது என்று சொல்ல முடியாது. நான் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை வயிற்றில் குழந்தை இருந்தால் அதற்குக் கேடு செய்கிற வகை. காப்பர்-டி போட்டுக்கொண்டால் இந்தச் சவ்வுக்குத் தொற்று வருமோ என்ற கவலை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை பிரஷரை ஏற்றும், ரத்தம் கட்டிக்கொள்ளும் பயமும் உண்டு. இரண்டு டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது கூடாது.

என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. 24 வயது, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். அதெல்லாம் இப்போது எதற்கு, முதலில் உயிரோடு இருக்கிற வழியைப் பார் என்று பதில் வந்தது. அவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இருக்கத்தான் செய்கிறது: டயாலிசிஸில் கர்ப்பம் அபூர்வம், ஆபத்தும் அதிகம், கிட்னி மாற்றிய பிறகு, அது ஒரு வருஷமாவது நன்றாக ஓடினால், சில மருந்துகளை டாக்டர் முன்கூட்டியே மாற்றிக் கொடுத்துக் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா?

வீட்டு விஷயம் ஒன்று. எங்கள் வீட்டில் கதவு வைத்த சின்ன அறை ஒன்றுதான். அது சாமி அறை. பை மாற்ற அதைத்தான் ஒதுக்கினோம். கோவையிலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரிதான் எனக்கே உறைத்தது: இந்த நாட்களில் நான் அந்த அறைக்குள் போகக் கூடாதே. மாமியார் ஐம்பது வருஷம் தேயிலை பறித்தவர். வீட்டுக்குத் தூரம் என்றால் அடுப்படிக்குக்கூட வர மாட்டார், அவ்வளவு கட்டுப்பாடு. மணி ஒன்பதைத் தாண்டியது. நான் வாசற்படியில் பையை அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் மாரியம்மன் படத்தையும் விளக்கையும் எடுத்து வந்து கூடத்து அலமாரியில் வைத்தார். அப்புறம், “தண்ணி காய வச்சிருக்கேன், கை கழுவிட்டுப் போம்மா” என்றார். படம் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. குளிரில் பச்சைத் தண்ணீர் என்றால் அவசரமாகக் கழுவிவிடுவேன் என்று தெரிந்து, வெதுவெதுப்பாக வைத்துத் தருவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. நாப்கின் மாற்றியிருந்தால் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் பையைத் தொடுவேன். மூன்றாம் நாள் தலைக்குக் குளிக்கும்போது குழாய் வாயை ஒட்டி மூடிக்கொள்கிறேன். முடிந்ததும் துடைத்து, களிம்பு போட்டு, புதுக் கட்டு.

வயிற்றில் இரண்டு லிட்டர் நீரோடு நடந்தால் நாலைந்து மாதக் கர்ப்பம் மாதிரி தெரியும். கோத்தகிரி டானிங்டனில் துணி எடுக்கப் போனபோது கடைக்கார அக்கா சிரித்துக்கொண்டே “விசேஷமா?” என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போது யாராவது கேட்டால், டயாலிசிஸ் நீர் அக்கா என்று சொல்லிவிடுகிறேன். 1.5 சதவீதப் பை ஒன்றில் 30 கிராம் சர்க்கரை. மூன்று பையில் 90. அதில் பெரும்பகுதி உடம்பில் சேர்ந்துவிடுகிறது. ஒரு வருஷத்தில் என் பிளவுஸ் அளவு 36லிருந்து 38 ஆனது. ஆனால் புரதம் தினமும் நீரோடு வெளியேறுகிறது. முட்டை வெள்ளைக்கரு கட்டாயம் வேண்டும். இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் வந்து, குழாய் இடம் மாறி, ஒரு வாரம் நீர் பாதிதான் வடிந்தது. மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இரண்டு மூன்று பெற்ற அக்காமார்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அடியில் ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தாலோ, பிறப்புறுப்புப் பக்கம் வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ உடனே சொல்லிவிடுங்கள்.

கணவன் மனைவியாக இருக்கலாமா என்று கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. சிஸ்டர் சாதாரணமாகச் சொன்னார்: தாராளமாக. குழாயை டேப் போட்டு ஒட்டிவிடு, கட்டு சுத்தமாக இருக்கட்டும், வயிறு பாரமாக இருந்தால் முதலில் வடித்துவிடு. அவ்வளவுதான்.

மதிப்பெண் போடச் சொன்னால் பைக்கு ஐந்துக்கு நாலரை. இப்போது வீட்டுக்கு வருகிற சேவைக்கு ஐந்து. பயிற்சிக்கு இரண்டு, அந்த இரண்டும் கை கழுவக் கற்றுக்கொடுத்ததற்கு. போன மாதம் அந்த மூத்த சிஸ்டரிடம் என் சிவப்புக் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தைக் காட்டினேன். நகல் எடுத்துக்கொண்டார்.

நாடாப் பிரச்சினைக்கு நான் தைத்துக்கொண்டதைக் கேட்டு இதுவரை ஆறு பேர் வாங்கியிருக்கிறார்கள். நீங்களே தைத்துக்கொள்ளலாம். ஷிம்மி மாதிரி தோளிலிருந்து தொங்குகிற முழுப் பாவாடை, வெள்ளைப் பாப்ளின். கசிவு இருந்தால் வெள்ளையில் உடனே தெரியும். இடுப்பில் நாடா கிடையாது. சேலையைச் சொருக இரண்டு விரல் அகலத்தில் தளர்வாக ஒரு பட்டி. குழாய் இருக்கிற பக்கம் மட்டும் நான்கு அங்குலம் பட்டி இல்லாமல் விட்டுவிடுங்கள். அந்த இடைவெளிக்கு மேலே உள்பக்கமாக மல்மல் துணியில் ஒரு சின்னப் பை, குழாய் நுனி மடங்காமல் படுக்கிற அளவுக்கு. தினமும் துவைத்து, வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போட்டு உலர்த்தக் குறைந்தது மூன்று பாவாடையாவது வேண்டும். வயிறு காலியாக இருக்கும்போது அளவெடுக்காதீர்கள்; இரண்டு லிட்டரும் ஏறின பிறகு, உட்கார்ந்துகொண்டு எடுங்கள்.